காந்தம் ஒட்டும் எவர்சில்வர்
பெரிட்டிக் எஃகுத் தகட்டின் குணங்களும் பயன்களும்

சென்னைக்கு வரும் கிராமத்து அன்பர்கள் தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலோ, ரங்கநாதன் தெருவிலோ, மயிலாப்பூர் மாட வீதிகளிலோ உள்ள பாத்திரக் கடைகளில் நுழையாமல் ஊர் திரும்புவது அரிது. கல்யாணச் சீராயினும், புதுமனை புகுவிழாவாயினும், எவர்சில்வர் இல்லாமல் இன்று எதுவும் நடைபெறுவதில்லை. அக்கடைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பாத்திரம் வாங்க வந்தவர் ஒரு சிறு காந்தத் துண்டை எடுத்து அதன்மீது வைத்துப் பார்க்கிறார். காந்தம் ஒட்டாவிட்டால் அவர் முகம் மலர்கிறது. ஒட்டிவிட்டாலோ, "இது இரும்பு கலந்த மட்டச் சரக்கு" என்று சொல்லிப் பாத்திரத்தை அப்பால் தள்ளிவிடுகிறார்.

இந்தச் சோதனை சரியானதுதானா? ஒருவர் தம் வீட்டுக்கு ஒரு குடம் வாங்குவதில் தவறினால் நஷ்டம் அவரோடு நின்றுவிடும். ஆனால் ஊராட்சி மன்றமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, பால் கூட்டுறவுச் சங்கமோ அண்டாவும் தொட்டியும் தகடும் வாங்குவதில் தவறினால், வீணாவது ஊர்ப் பணம். ஆதலின் காந்தம் ஒட்டும் எவர்சில்வராகிய பெரிட்டிக் எஃகைப் பற்றிய உண்மைகளை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

துருவைத் தடுப்பது எது?

எவர்சில்வர் என்னும் பெயரில் வெள்ளி இருப்பினும் அப்பாத்திரத்தில் ஒரு குன்றிமணி வெள்ளியும் கிடையாது. அதில் பெரும்பகுதி இரும்பே. காந்தம் ஒட்டாத பாத்திரத்திலும் பெரும்பகுதி இரும்புதான். எனவே, "இரும்பு கலந்தது" என்று குறை கூறுவதில் பொருளில்லை.

சாதாரண இரும்பு ஈரக்காற்றில் கிடந்தால் பிராணவாயுவுடன் கூடித் துருவாகிறது. அந்தத் துரு பொருபொருவென்று உதிர்ந்துவிடுவதால் உள்ளிருக்கும் இரும்பு மீண்டும் காற்றுக்கு இலக்காகித் தேய்கிறது. இரும்புடன் குரோமியம் என்னும் உலோகத்தை நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் சேர்த்து உருக்கினால் நிலைமை மாறுகிறது. குரோமியம் பிராணவாயுவுடன் கூடி, உலோகத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் சில கூறுகளே. ஆயினும் அது உதிர்வதில்லை. கீறல் பட்டாலும் காற்றுப் பட்டவுடன் தானே மீண்டும் மூடிக்கொள்கிறது. ஆகவே துருவைத் தடுப்பதில் முதல் வேலை குரோமியத்தினுடையது. காந்தம் ஒட்டுவதற்கும் ஒட்டாமைக்கும் அதில் பங்கில்லை.

மூன்று குடும்பங்கள்

நம் வீட்டுக்கும் பொதுச் சமையற்கூடத்துக்கும் வரும் எவர்சில்வர் தகடுகளைப் பொதுவாக மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, 304 என்னும் எண்ணுடைய வகை. இதில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. எல்லா வேலைக்கும் ஏற்றது; ஆனால் விலை கூடியது.

இரண்டாவது, 200 வரிசை எனப்படும் வகை. இதில் நிக்கலைப் பெருமளவு குறைத்து அதற்கு ஈடாக மாங்கனீசு சேர்க்கிறார்கள். இவ்வகையில் மலிவானவை சிலவற்றில் குரோமியமும் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவதுதான் நாம் எடுத்துக்கொண்ட பெரிட்டிக் எஃகு. இலத்தீன் மொழியில் இரும்புக்குப் 'பெர்ரம்' என்று பெயர். இரும்பின் இயல்பான அணு அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டிருப்பதால் இதற்கு அப்பெயர் வந்தது. இதில் மிகுதியாக வழங்குவது 430 என்னும் வகை. நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு வரை குரோமியம் உண்டு. நிக்கல் வேண்டுமென்று சேர்க்கப்படுவதில்லை.

காந்தத்தின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. இரும்பின் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவில் ஒன்றுமாக அமைந்திருந்தால் காந்தம் ஒட்டும். நிக்கலோ மாங்கனீசோ போதிய அளவு சேர்ந்தால் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்படும். அப்போது காந்தம் ஒட்டாது. எனவே காந்தம் நமக்குச் சொல்லும் செய்தி அணுக்களின் அடுக்கு முறையைப் பற்றியதேயன்றி, உலோகத்தின் தரத்தைப் பற்றியது அன்று.

இதனால் விளையும் விபரீதத்தைக் கவனியுங்கள். காந்தத்தை நம்பி வாங்குபவர், 17 பங்கு குரோமியமுள்ள நல்ல 430 தகட்டைத் தள்ளிவிட்டு, அதைவிடக் குரோமியம் குறைந்த மலிவான 200 வரிசைப் பாத்திரத்தை 304 என்று எண்ணிக் கூடுதல் விலைக்கு வாங்கிச் செல்ல நேர்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயர்ந்த 304 தகட்டையே அழுத்தி வளைத்துக் குடமாக்கும்போது, வளைந்த விளிம்பிலும் கழுத்திலும் காந்தம் சற்று ஒட்டத் தொடங்கும். அதைக் கண்டு நல்ல பாத்திரத்தையும் சிலர் வேண்டாமென்று விடுகின்றனர்.

சட்டைப் பையிலுள்ள சான்று

பெரிட்டிக் எஃகு துருப்பிடிக்காது என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் பையிலுள்ள ஒரு ரூபாய் அல்லது இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காந்தத்தின் அருகே கொண்டு செல்லுங்கள்; ஒட்டிக்கொள்ளும். ஏனெனில் அது 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் கொண்ட பெரிட்டிக் எஃகினால் ஆனது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு முதல் 10, 25, 50 காசு நாணயங்களும், 1992ஆம் ஆண்டு முதல் ஒரு ரூபாய் நாணயமும், பின்னர் 2005ஆம் ஆண்டு முதல் இரண்டு ரூபாய் நாணயமும் இந்த உலோகத்தில் அடிக்கப்பட்டன. அவற்றுள் 25 காசும் அதற்குக் குறைந்தனவும் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் செல்லாதனவாயின. வியர்த்த கைகளிலும், மீன் கடைப் பலகையிலும், பேருந்து நடத்துநர் பையிலும், மயிலைக் கபாலீசுவரர் கோயில் உண்டியலிலும் புழங்கும் இந்த நாணயங்கள் கறுத்தும் அழுக்கேறியும் போகலாம். ஆனால் துருவேறி உதிர்ந்துவிடுவதில்லை.

இத்தகைய தகடு நம் மாநிலத்திலேயே உருவாகிறது என்பது பெருமைக்குரியது. இந்திய உருக்கு ஆணையத்தைச் சேர்ந்த சேலம் உருக்காலைக்கு 1970ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. பழங்காலத்திலிருந்தே இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்ற கஞ்சமலையின் அடிவாரத்தில் அமைந்த அவ்வாலை 1981ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. தகடுகளை உருட்டுவதோடு, நாணயம் அடிப்பதற்கான வில்லைகளை வெட்டும் பிரிவும் 1993ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்டது.

விலை ஏன் குறைவு?

இந்தியாவில் குரோமியத் தாது நிறையக் கிடைக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஒடிசா மாநிலத்துச் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் உள்ளது. ஆனால் நிக்கலுக்கோ நாம் பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறோம். உலகச் சந்தையில் நிக்கலின் விலை ஓர் ஆண்டில் இருப்பதுபோல் மறு ஆண்டில் இருப்பதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் நிக்கலின் விலை ஒரு இலட்சம் டாலருக்கு மேல் ஏறி, வியாபாரத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. நிக்கல் சேராத பெரிட்டிக் எஃகுக்கு இத்தகைய விலை அலைச்சல் மிகக் குறைவு. 304 வகையைவிட இது மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுவே, தரக்குறைவு அன்று.

மேலும் இவ்வுலோகம் எடையிலும் சற்று இலேசானது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள 430 தகடு ஏறத்தாழ 7.7 கிலோகிராம் இருக்கும். 304 தகடு 7.9 கிலோகிராமுக்குச் சற்று மேலாக இருக்கும். எட்டு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள ஒரு மில்லிமீட்டர்த் தகடு 430 வகையில் சுமார் 23 கிலோகிராம் நிற்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், தகட்டைத் தராசில் நிறுத்தே அதன் கனம் சொன்னபடி உள்ளதா என்று சரிபார்க்கலாம்.

சிறப்பான குணங்கள்

பெரிட்டிக் எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் 304 வகையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திறமையுடையது. அடுப்பின் சூடு ஓரிடத்தில் தேங்காமல் ஓரளவு பரவும். எனினும் செம்பின் ஆற்றலுக்கு இது எவ்வகையிலும் ஈடாகாது. அடிப்பிடிக்காமல் சமைக்கச் செம்பு அல்லது அலுமினிய அடித்தகடு சேர்ந்த பாத்திரமே ஏற்றது.

சூட்டில் விரிவதும் இதற்குக் குறைவு. மூன்று மீட்டர் நீளமுள்ள தகடு காலைக் குளிர்ச்சியிலிருந்து நண்பகல் வெயிலுக்குள் 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால், 304 வகை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். 430 வகை ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நீளும். ஆகவே மேற்கூரையிலும் அடுப்புப் புகைக்கூண்டிலும் தகடு நெளிந்து ஆணி தளர்வது குறையும். திறந்த காற்றில் சுமார் 800 டிகிரி வரை இது சூட்டைத் தாங்கும். ஆயினும் 400 முதல் 500 டிகிரி வரையிலான சூட்டில் நெடுங்காலம் இருந்தால் நொறுங்குந்தன்மை பெறும்.

மின்காந்தத் தூண்டல் அடுப்பில், அஃதாவது இண்டக்ஷன் அடுப்பில், வைக்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியாக வேண்டும். இல்லையெனில் பாத்திரம் சூடாகாது. இங்கே, கடைவீதியில் குறையாக எண்ணப்பட்ட குணமே தேவையான குணமாகிறது. அவ்வடுப்புக்கென விற்கப்படும் எவர்சில்வர்ப் பாத்திரங்களின் அடியில் பெரிட்டிக் தகட்டையே பொருத்துகிறார்கள்.

குறைகளும் உண்டு

எந்தப் பொருளையும் அதன் குறைகளோடு சேர்த்து அறிந்தவரே அதைச் சரியாகப் பயன்படுத்துவர்.

முதற்குறை பற்றவைப்பில் உள்ளது. 430 தகட்டை வெல்டிங் செய்தால், சூடுபட்ட இடத்தில் உலோகத்தின் மணிகள் பருத்து, அந்த இணைப்பு எளிதில் விரிசல் காணும். ஆகவே, அதிர்ச்சியும் பாரமும் தாங்க வேண்டிய பெரிய தொட்டி, தாங்கி, ஏணி முதலியவற்றை 430 தகட்டில் வெல்டிங் செய்து அமைப்பது தகாது. டைட்டேனியம் சேர்த்து நிலைப்படுத்திய 439, 441 போன்ற பெரிட்டிக் வகைகள் வெல்டிங்குக்கு ஏற்றவை. அவை கிடைக்காவிடில் 304 வகையையே கேட்க வேண்டும்.

இரண்டாவது குறை உப்பு. அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் ஆகிய பகுதிகளில் கடற்காற்று ஓயாது வீசுகிறது. அங்குள்ள மாடிக் கைப்பிடிகளையும் சன்னல் கம்பிகளையும் உற்றுநோக்கினால், எவர்சில்வராயினும் பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருப்பதைக் காணலாம். உப்பிலுள்ள குளோரைடு காப்புப் படலத்தை ஊசிமுனையளவு இடங்களில் துளைத்துவிடுவதே காரணம். மழை நேரே படும் பாகங்களைவிடக் கூரைக்கு அடியில் மறைந்த பாகங்களே முதலில் கறைபடும்; ஏனெனில் அங்குப் படியும் உப்பை மழை கழுவுவதில்லை. இத்தகைய இடங்களுக்கு 430 வகை ஏற்றதன்று. 304 வகையும் அடிக்கடி கழுவினாலொழிய அழகு குன்றும். மாலிப்டினம் சேர்ந்த 316 வகையோ, 444 என்னும் பெரிட்டிக் வகையோ பொருந்தும். எனவே கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோர ஊராட்சிகள் வெளிப்புற வேலைகளுக்கு 430 தகட்டைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. கடற்காற்று உலோகங்களை எப்படி அரிக்கிறது என்பதை, காரைக்குடியில் 1953ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் சோதனைத் தகடுகளை நிறுத்தி ஆராய்ந்து வந்திருக்கிறது.

இக்குறைக்கு நடுவே ஒரு நன்மையும் உண்டு. உப்புள்ள வெந்நீரில், இழுவிசை தாங்கி நிற்கும் 304 தகடு சில வேளைகளில் திடீரெனக் கீறலிட்டுப் பிளந்துவிடும். பெரிட்டிக் எஃகுக்கு இந்த நோய் அநேகமாக வருவதில்லை. வெந்நீர்த் தொட்டிகளுக்கு 444 வகையைப் பலர் விரும்புவது இதனால்தான்.

எங்கெங்கே பயன்படுத்தலாம்?

வீட்டில் தட்டு, மூடி, கரண்டி, மாவு டப்பா, தானியப் பாத்திரம் முதலியவற்றுக்கு 430 வகை முற்றிலும் ஏற்றது. அரிசி, பருப்பு, மிளகாய் போன்ற உலர்ந்த பண்டங்களை வைப்பதற்குக் கூடுதல் விலை கொடுத்து 304 வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சமையலறை மேடைத் தகடு, புகைபோக்கி, சலவை இயந்திரத்தின் உருளை, குளிர்பதனப் பெட்டியின் கதவு ஆகியவற்றிலும் பெரிட்டிக் தகடே மிகுதியாகப் பயன்படுகிறது.

புளிக்குழம்பும் இரசமும் சமைத்து அன்றே பரிமாறுவதில் தீங்கில்லை. ஆனால் உப்பு மிகுந்த ஊறுகாயையும் மோரையும் நாட்கணக்கில் வைப்பதற்கு எந்த எவர்சில்வரும் பீங்கான் சாடிக்கு நிகராகாது.

நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியதிலிருந்து ஊர்தோறும் பெரிய சமையற்கூடங்கள் அமைந்திருக்கின்றன. அங்கே நாள்தோறும் கொதிநீரும் உப்பும் புளியும் படும் அண்டாக்களுக்கு 304 வகையே தக்கது. தட்டு, தம்ளர், பொருள் வைக்கும் பெட்டி, மேசைத் தகடு ஆகியவற்றுக்கு 430 போதும். இவ்வாறு பிரித்து வாங்கினால், மிச்சமாகும் தொகையில் இன்னும் சில குழந்தைகளுக்குத் தட்டும் தம்ளரும் வாங்கலாம்.

விவசாயிகளுக்கு நேரடித் தொடர்புள்ள சர்க்கரை ஆலைகளில் கருப்பஞ்சாற்றைச் சுண்டவைக்கும் கலங்களின் குழாய்களுக்குப் பெரிட்டிக் எஃகு பயன்படுகிறது. குரோமியம் சற்றுக் குறைந்த 409 வகையைக் கார்களின் புகைக்குழாய்களுக்கும், அதனோடு ஒத்த வகையை நிலக்கரி ஏற்றும் இரயில் சரக்கு வண்டிகளுக்கும் கையாளுகின்றனர். பளபளப்பு வேண்டாத, ஆனால் நெடுநாள் உழைக்க வேண்டிய இடங்கள் அவை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, "எவர்சில்வர்" என்று மட்டும் கேளாமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 304 என்றாலும் 430 என்றாலும் அந்த எண்ணை விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் மொத்தமாக வாங்காதிருப்பதே மேல்.

இரண்டாவதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 14756 ஆகும். இப்பாத்திரங்களுக்கு அம்முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிறப்பித்தது. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண் மெய்யானதா என்பதை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ளது.

மூன்றாவதாக, ஊராட்சிக்கோ சங்கத்துக்கோ தகடுகளை மொத்தமாக வாங்கும்போது, ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். அதில் குரோமியம், நிக்கல், மாங்கனீசு, கரி ஆகியவற்றின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். நிக்கல் எட்டுப் பங்கு என்று சொல்லி விற்ற தகட்டின் சான்றிதழில் ஒரு பங்கு என்றிருந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

நான்காவதாக, கனத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். கேஜ் கணக்கில் எண் கூடக்கூடத் தகடு மெலியும். இதை அறியாமல் பெரிய எண்ணைக் கேட்டு ஏமாறுவோர் பலர்.

காந்தத்தை அடியோடு எறிந்துவிட வேண்டியதில்லை. 430 என்று விற்கும் தகட்டில் அது ஒட்ட வேண்டும். 304 என்று விற்கும் மட்டமான தகட்டுப் பரப்பில் ஒட்டலாகாது. சொன்ன எண்ணுக்கும் கொடுத்த பொருளுக்கும் வெளிப்படையான முரண்பாடு உண்டா என்று பார்க்க அது உதவும். ஆனால் 304 வகையையும் மலிவான 200 வரிசையையும் அதனால் பிரித்தறிய இயலாது. அந்த வேலைக்குச் சான்றிதழும் முத்திரையுமே துணை.

பராமரிக்கும் முறை

எவர்சில்வரை இரும்பு நாரால் தேய்க்கக் கூடாது. நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து துருப்பிடிக்கும்; பார்ப்பவர் பாத்திரமே துருப்பிடித்ததாக எண்ணுவர். தேங்காய் நாரும் சோப்பும் போதும். இரும்பு வேலை நடக்கும் பட்டறையில் எவர்சில்வர்த் தகட்டை அடுக்கி வைப்பதும் இதே தீங்கை உண்டாக்கும்.

குடிநீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை எவர்சில்வர் வாளியில் கரைத்து வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அதிலுள்ள குளோரின் எந்த வகை எவர்சில்வரையும் அரித்துவிடும். அதற்குப் பிளாஸ்டிக் வாளியே தக்கது. தவறிப் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. பழைய பாத்திரங்களை விற்கும்போது வியாபாரி காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டுவதனைத்தையும் சாதாரண இரும்பு விலைக்குக் கேட்பார். நிக்கல் இல்லாததால் 430 வகைக்கு 304இன் விலை கிடைக்காது என்பது மெய்தான். ஆனால் அதிலுள்ள குரோமியத்துக்கும் மதிப்பு உண்டு என்பதைச் சொல்லி விலை பேசுங்கள்.

உழவர் நிலத்தை வாங்குமுன் மண்ணின் குணத்தை அறிகிறார். கரிசலில் பருத்தியும், வண்டலில் நெல்லும் விதைக்கிறார். கரிசல் உயர்வு, வண்டல் தாழ்வு என்று அவர் சொல்வதில்லை. உலோகத்திலும் முறை அதுவே. எந்த வேலைக்கு எந்தத் தகடு என்று அறிந்து, எண்ணைக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கும் ஊராட்சியின் பணம் ஒரு காசும் வீணாகாது.